900 ஜிபி விஎம் டிஸ்கைத் தினமும் முழுதாக நகலெடுக்காமல், மாறியதை மட்டும் எடுக்க என்ன வழி?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் கணினி வேலை மொத்தமும் என் பொறுப்பு. ஒரே ஒரு சர்வர், டெபியன் 12, அதன்மேல் மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட். நான்கு விஎம் ஓடுகின்றன. டிசைன் கோப்புகள் இருக்கும் ஃபைல் சர்வர், அதன் டிஸ்க் முழுதும் அடங்கிய கியூகவ்2 கோப்பு மட்டும் 900 ஜிபி. கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ், 300 ஜிபி. அலுவலகத்துக்குள் பயன்படும் வலைத்தளம் ஒன்று, 120 ஜிபி. அப்புறம் எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற பழைய உபுண்டு ஒன்று, 80 ஜிபி, இது மட்டும் ரா ஃபார்மேட், அதாவது டிஸ்கின் வெறும் உள்ளடக்கம் மட்டும் உள்ள கோப்பு.

இதுவரை செய்துவந்தது இதுதான்: இரவு 11 மணிக்கு விஎம்களை நிறுத்தி, டிஸ்க் கோப்புகளை அப்படியே நாஸுக்கு (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி) நகலெடுத்து, திரும்ப ஓடவிடுவது. நாஸ் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் பகிர்வு முறையில் இணைந்திருக்கிறது, வினாடிக்கு 70 எம்பி கிடைத்தால் பெரிது. மொத்தம் 1,400 ஜிபி போய்ச்சேர ஐந்தரை மணி நேரம் ஆகிறது. நாஸில் இருப்பது 7.2 டிபி இடம் என்பதால் ஐந்து நாள் நகல்தான் வைக்க முடியும், ஆறாவது நாள் பழையதை அழித்தாக வேண்டும்.

போன மாதம் அடி விழுந்தது. டிசைன் பிரிவில் ஒரு ஃபோல்டர் தவறுதலாக அழிந்துவிட்டது, மூன்று வருட எம்பிராய்டரி டிசைன்கள். யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாவது நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன வருட டிசைனையே திரும்பக் கேட்டபோதுதான் தேடினார்கள். என்னிடம் வந்தார்கள், என்னிடம் ஐந்து நாள்தான் இருந்தது. அந்தப் பெண் ஒரு மாதமாகப் பழைய சாம்பிள் துணிகளை மேஜையில் விரித்துவைத்து, தையலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார். அந்த மேஜையைத் தாண்டித்தான் நான் தினமும் என் இடத்துக்குப் போக வேண்டும்.

இப்போது இரவு ஷிப்டும் வந்துவிட்டது, விஎம்களை நிறுத்தவே முடியாது. சரி, மாறியதை மட்டும் எடுக்கலாம் என்று ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைப் போட்டுப்பார்த்தேன். நேரம் கொஞ்சமும் குறையவில்லை. அதைவிட மோசம், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அந்த நகலை வேறு கணினியில் கிளப்பினால் ஃபைல் சிஸ்டம் பிழைகளாகக் கொட்டி பாதியில் நின்றுவிட்டது.

தினமும் உண்மையில் மாறுவது அதிகம் போனால் 10, 15 ஜிபி இருக்கும். அதை மட்டும், விஎம்மை நிறுத்தாமல், ஹோஸ்டிலிருந்தே, அதாவது விஎம்கள் ஓடும் அந்தச் சர்வரிலிருந்தே, எடுக்க வழி இருக்கிறதா? குறைந்தது ஒரு மாதப் பழைய நிலைக்காவது போக முடிய வேண்டும். புதிய சர்வர் வாங்க இந்த வருடம் பணம் கிடையாது.

கருங்குருவி எழுதியது:

வழி இருக்கிறது நண்பரே, உங்களிடம் இருக்கும் சர்வரிலேயே. முதலில் ஆர்சிங்க் ஏன் உதவவில்லை என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

என்எஃப்எஸ்-இல் இணைத்த இடம் ஆர்சிங்க்குக்கு உள்ளூர் ஃபோல்டர் மாதிரிதான் தெரியும். இரண்டு பக்கமும் உள்ளூர் என்றால் அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, கோப்பை முழுசாகவே நகலெடுக்கும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அதை மாற்றி ஒப்பிடச் சொன்னாலும், எந்த இடம் மாறியது என்று கண்டுபிடிக்க 900 ஜிபியையும் அது படித்தே ஆக வேண்டும், வெளியிலிருந்து பார்க்கிற எந்த நிரலுக்கும் வேறு வழி கிடையாது. நகல் கெட்டுப்போனதற்குக் காரணம் வேறு: 900 ஜிபி போக மூன்றரை மணி நேரம். கோப்பின் தலைப்பகுதி 11 மணிக்கு இருந்தபடி, வால்பகுதி இரண்டரை மணிக்கு இருந்தபடி. அப்படி ஒரு டிஸ்க் எந்த நொடியிலும் உண்மையில் இருந்ததே இல்லை. ஃபைல் சிஸ்டம் அதைப் பார்த்துத் தடுமாறாமல் என்ன செய்யும்?

எது மாறியது என்று படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. விஎம் டிஸ்கில் எழுதுகிற ஒவ்வொன்றும் விஎம்மை ஓட்டும் கியூஎமு என்ற நிரல் வழியாகத்தான் போகிறது. போகும்போதே அதைக் குறித்துவைக்கச் சொன்னால் போதும். அதற்குப் பெயர் டர்ட்டி பிட்மேப். டிஸ்கை 64 கேபி துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பிட். எழுதினால் 1, இல்லையென்றால் 0. உங்கள் 900 ஜிபிக்கு இந்தக் குறிப்பேடு 2 எம்பி கூட வராது. நேற்று பேக்கப் ஆரம்பித்த நொடியிலிருந்து எவையெல்லாம் 1 ஆனதோ அவற்றை மட்டும் இன்று படித்தால் வேலை முடிந்தது. விஎம்மேர்காரர்களிடம் இது 2009-இல் வந்த விஸ்பியர் 4-லிருந்தே உண்டு, ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016-இல் வந்தது. லிப்வர்ட்டில் இதற்கான கட்டளைகள் 2020-இல் வந்த 6.0-இல் சேர்ந்தன. உங்கள் டெபியன் 12-இல் லிப்வர்ட் 9.0-உம் கியூஎமு 7.2-உம் இருக்கும், அதனால் பதிப்பைப் பற்றிய கவலை வேண்டாம்.

லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளையில் பேக்கப்-பிகின் என்று ஒன்று உண்டு, அதை நேரடியாகவும் பயன்படுத்தலாம், ஆனால் எக்ஸ்எம்எல் எழுதி, என்பிடி என்ற நெட்வொர்க் வழியே டிஸ்கைப் படித்து, ஒவ்வொரு பேக்கப்பின் தொடக்கத்தையும் குறிக்கும் செக்பாயின்ட் பெயர்களைக் கணக்கு வைத்து... கையால் செய்ய வேண்டாம், எங்காவது தவறிவிடும். விர்ட்என்பிடிபேக்கப் என்று ஒரு திறந்தமூல நிரல் இதையெல்லாம் சேர்த்துச் செய்கிறது. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆட்டோ என்ற நிலையில் ஓடவிட்டால், கொடுத்த ஃபோல்டர் காலியாக இருந்தால் ஃபுல் (முழு நகல்) எடுக்கும், ஏற்கெனவே ஃபுல் இருந்தால் இன்க்ரிமென்டல் (மாறியது மட்டும்) எடுக்கும். அதனால் ஃபோல்டர் பெயரில் வருடத்தையும் மாதத்தையும் வைத்துவிடுங்கள். ஒன்றாம் தேதி பிறந்தால் ஃபோல்டர் புதியது, தானாக ஃபுல். மற்ற நாள் எல்லாம் இன்க்ரிமென்டல்.

ஆரம்பிப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்மேப் கியூகவ்2 கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, அதனால்தான் விஎம்மை ஒழுங்காக நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாலும் கணக்கு தொலைவதில்லை. ஆனால் கோப்பு கியூகவ்2-இன் புதிய வடிவத்தில் இருக்க வேண்டும். கியூஎமு-இமேஜ் இன்ஃபோ போட்டால் காம்பாட் 1.1 என்று காட்டினால் சரி, 0.10 என்று காட்டினால் அமென்ட் கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். ரா டிஸ்கில் பிட்மேப்பை வைக்க இடமே கிடையாது, அதனால் அந்தப் பழைய உபுண்டுவை ஒருமுறை நிறுத்தி கியூகவ்2-ஆக மாற்றிவிடுங்கள், 80 ஜிபிதானே.

இன்னொன்று, ஸ்கிராட்ச் கோப்பு. பேக்கப் நடக்கும்போது விஎம் சும்மா இருக்காது, இன்னும் படிக்காத துண்டின்மேல் எழுத வரும். அப்போது கியூஎமு அதன் பழைய உள்ளடக்கத்தை ஸ்கிராட்ச் கோப்பில் ஒதுக்கிவைத்துவிட்டு அப்புறம்தான் எழுத விடும். 11 மணிக்கு ஆரம்பித்தால் இரண்டரை மணிக்குப் படிக்கிற துண்டும் 11 மணி நிலையிலேயே கிடைப்பது இதனால்தான். இந்தக் கோப்பு வழக்கமாக வார் டெம்ப் ஃபோல்டரில் உட்காரும். ரூட் பார்ட்டிஷன் சிறியது என்றால் வேறு இடம் சொல்லிவிடுங்கள்.

விஎம்களுக்குள் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போடுங்கள். பேக்கப் தொடங்கும் நொடியில் அது ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் உறையவைத்து, நினைவகத்தில் தேங்கியதை டிஸ்கில் இறக்கும். விண்டோஸில் அதன் சொந்த நகல் வசதியான விஎஸ்எஸ் வழியாக இதைச் செய்யும். ஏஜென்ட் இல்லாமல் எடுத்தால், ஓடுகிற கணினியின் ஒயரைப் பிடுங்கினால் டிஸ்க் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலை கிடைக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும், ஆனால் கணக்கு டேட்டாபேஸை நான் அந்தப் "பெரும்பாலும்" என்பதை நம்பி விடமாட்டேன்.

மாடிவீடு எழுதியது:

கருங்குருவி சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் வேறு பக்கம் இழுப்பேன். வருடக்கணக்கில் யோசித்தால் விஎம் ஓட்டுவதற்கென்றே உள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற அமைப்புக்கு மாறி, அதன் துணையான ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை ஒரு பழைய கணினியில் வைப்பது நல்லது என்பது என் அனுபவம். 2020 கடைசியில் அதன் 1.0 வந்ததிலிருந்து அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

காரணம் சங்கிலி. விர்ட்என்பிடிபேக்கப் முறையில் ஃபுல் ஒன்று, அதன்மேல் இன்க்ரிமென்டல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று போகும். 11-ஆவது கெட்டுப்போனால் 10 வரைதான் திரும்ப முடியும், 12 முதல் 30 வரை இருந்தும் இல்லாத கணக்கு. பேக்கப் சர்வரில் சங்கிலி என்பதே இல்லை. டிஸ்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பையே பெயராக்கிச் சேமிக்கும். ஏற்கெனவே இருக்கிற துண்டைத் திரும்ப அனுப்பாது. ஒவ்வொரு நாள் பேக்கப்பும் ஒரு பட்டியல்தான்: "இந்த டிஸ்க் இந்தத் துண்டுகளால் ஆனது" என்று. அதனால் எந்த நாளை வேண்டுமானாலும் தனியாக அழிக்கலாம், மற்ற நாள்களுக்கு ஒன்றும் ஆகாது. பழைய உபுண்டுவும் வலைத்தள விஎம்மும் ஒரே மாதிரித் துண்டுகளைக் கொண்டிருந்தால் அதுவும் ஒருமுறைதான் சேமிக்கப்படும். ஃபைல் சர்வர் பேக்கப்புக்குள் வலைப்பக்கத்திலிருந்தே நுழைந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் இறக்கிக்கொள்ளவும் முடியும், உங்கள் டிசைன் பிரிவுக்கு அது பெரிய உதவி.

ஆனால் ஒரே துண்டை நூறு பேக்கப் பகிர்ந்துகொள்கிறது என்றால் அந்தத் துண்டு கெட்டால் நூறும் கெடும், இதை மறக்கக் கூடாது. அதனால் வெரிஃபை வேலையைக் கட்டாயம் ஓடவிட வேண்டும். அது துண்டுகளைத் திரும்பப் படித்து எஸ்எச்ஏ மதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்.

பிட்மேப் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸ் பிட்மேப்பை நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். விஎம்மை நிறுத்தினால் போய்விடும், அடுத்த பேக்கப்பில் முழு டிஸ்கையும் படிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அனுப்புவது புதிய துண்டுகளை மட்டும்தான், படிக்கும் நேரம்தான் கூடும்.

உங்கள் நாஸைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். பேக்கப் சர்வரின் சேமிப்பிடத்தை என்எஃப்எஸ் வழியாக நாஸில் வைக்காதீர்கள். அது முதலிலேயே 65,536 ஃபோல்டர்களை உருவாக்கி அவற்றுக்குள் துண்டுகளை அடுக்கும், உங்கள் அளவுக்கு 3 லட்சம் கோப்புகளுக்கு மேல் வரும். குப்பை அகற்றும் வேலை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். மெதுவான நாஸில் இது நாள் முழுக்க நடக்கும், நான் செய்துபார்த்து விட்டுவிட்டேன். சேமிப்பிடம் மெதுவாக இருந்தால் ஓடுகிற விஎம்மும் தடுமாறும், ஏனென்றால் பழைய துண்டு போய்ச்சேரும்வரை விஎம் எழுத முடியாமல் காத்திருக்கும். 2024-இல் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இல் இதற்காக ஃப்ளீசிங் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், பழைய துண்டை ஹோஸ்டின் வேகமான டிஸ்கில் தற்காலிகமாக ஒதுக்கிவிடும். அதை இயக்கிக்கொண்டால் போதும்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி, இரண்டு முறை படித்தேன். மாடிவீடு சொல்வது பிடித்திருக்கிறது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே சர்வரைப் பிரித்து ப்ராக்ஸ்மாக்ஸ் போட எனக்கு இப்போது துணிவில்லை, மாற்றுவதற்கு இன்னொரு இயந்திரமும் இல்லை. முதலில் கருங்குருவி சொன்ன வழியில் போகிறேன்.

ஃபைல் சர்வரிலும் விண்டோஸிலும் ஏஜென்ட் போட்டாயிற்று. வலைத்தள விஎம்மில் மூன்று நாள் சோதித்தேன், ஓடுகிறது. ஆனால் விண்டோஸில் ஒரு சந்தேகம். ஒரு நாளில் கணக்குப் பிரிவு சேர்ப்பது சில நூறு எம்பிதான் இருக்கும். இன்க்ரிமென்டல் 38 ஜிபி வருகிறது, மூன்று நாளும் கிட்டத்தட்ட அதே அளவு. பிட்மேப் எங்காவது தவறாகக் குறிக்கிறதா?

இன்னொரு கேள்வி: ஃபைல் சர்வரில் உண்மையில் இருப்பது 600 ஜிபி சொச்சம்தான். கோப்பு ஏன் 900-இல் நிற்கிறது? ஃபுல் எடுத்தால் 900-உம் போகுமா?

கருங்குருவி எழுதியது:

பிட்மேப் தவறாகக் குறிக்காது, உள்ளே யாரோ எழுதுகிறார்கள். யார் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பைட் மாறினாலும் 64 கேபி துண்டு முழுதும் 1 ஆகும் என்பது உண்மை, ஆனால் அது மட்டும் 38 ஜிபி ஆகாது. தினமும் அதே அளவு என்றால் ஏதோ ஒரு வேலை கடிகாரம் வைத்து எழுதுகிறது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, இரவில் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். என் ஊகம், கணக்கு மென்பொருளே தினமும் டேட்டாபேஸை முழுசாக ஒரு கோப்பாக அதே டிஸ்கில் இறக்கி வைக்கிறது. இல்லையென்றால் டிஃப்ராக், சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை. டிஃப்ராக் ஓடினால் டிஸ்கில் பாதி இடம் மாறி உட்காரும், உள்ளே எந்தக் கோப்பும் மாறாமலே வெளியே எல்லாம் மாறியதாகத் தெரியும், அதை நிறுத்திவிடுங்கள்.

டேட்டாபேஸ் இறக்கம்தான் என்றால் அதை நிறுத்தாதீர்கள், நல்ல பழக்கம் அது. விஎம்முக்கு இரண்டாவது டிஸ்க் ஒன்று கொடுத்து, இறக்கத்தையும், நினைவகம் போதாதபோது விண்டோஸ் எழுதும் பேஜ் கோப்பையும் அங்கே மாற்றி, அந்த டிஸ்கை மட்டும் இந்தப் பேக்கப்பிலிருந்து விலக்கிவிடுங்கள், நிரலில் அதற்கு விருப்பம் உண்டு. இறக்கக் கோப்பைத் தனியாக நாஸுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

900 பற்றி: விஎம்முக்குள் கோப்பை அழித்தால் அந்த ஃபைல் சிஸ்டம் தன் பட்டியலிலிருந்துதான் அடிக்கிறது, இடம் காலி என்று ஹோஸ்டுக்கு யாரும் சொல்வதில்லை. கியூகவ்2 வளர்ந்தது வளர்ந்ததுதான். டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் என்பதை அன்மேப் என்று மாற்றி, விஎம்மை ஒருமுறை முழுதாக நிறுத்தி ஓடவிட்டு, உள்ளே, காலி இடத்தை ஹோஸ்டுக்குச் சொல்லும் எஃப்எஸ்டிரிம் கட்டளையைப் போடுங்கள். விட்டுப்போன இடமெல்லாம் திரும்பி வரும். இதை முதல் ஃபுல்லுக்கு முன்னால் செய்தால் ஃபுல்லும் சிறியதாகும், பயன்பாட்டில் உள்ளதை மட்டும்தான் அது எடுக்கும்.

தென்னந்தோப்பு எழுதியது:

தம்பி, முறையெல்லாம் இவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் நானும் நின்றேன், இதே நிரல்தான், இதே ஆட்டோ நிலைதான்.

ஓர் அதிகாலை இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் பேட்டரி நான்கு வருடப் பழசு, ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, ஹோஸ்ட் அப்படியே அணைந்துவிட்டது. காலையில் எல்லா விஎம்மும் எழுந்தன, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, நானும் விட்டுவிட்டேன். விஷயம் என்னவென்றால், விஎம் ஓடும்வரை பிட்மேப் நினைவகத்தில் இருக்கிறது, ஒழுங்காக நிறுத்தும்போதுதான் கியூகவ்2-க்குள் எழுதப்படுகிறது. திடீரென்று அணைந்தால் கோப்புக்குள் இருக்கும் பிட்மேப் "பயன்பாட்டில்" என்ற குறியோடே நின்றுவிடும். அடுத்தமுறை கியூஎமு அதைப் பார்த்து, இதை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்குவதுதான் நியாயம், நம்பி எடுத்திருந்தால் நடுவில் எழுதியவை விடுபட்டுப்போகும். ஆனால் அதன்பின் ஒவ்வொரு இரவும் இன்க்ரிமென்டல் பிழை காட்டி நின்றது. பிழை மின்னஞ்சல் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்கு.

பதின்மூன்றாம் நாள் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்றைப் போட்டபோது டேட்டாபேஸ் பாதியில் சிதைந்தது. நேற்றைய பேக்கப்புக்குப் போகலாம் என்று ஃபோல்டரைத் திறந்தால் கடைசிக் கோப்பின் தேதி பதின்மூன்று நாளுக்கு முன். அப்புறம் மூன்று நாள் கணக்குப் பிரிவில் எல்லோரும் பில் புத்தகங்களை அடுக்கிவைத்து, ஒருவர் எண்ணை வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்து, பதின்மூன்று நாளையும் திரும்ப ஏற்றினோம். நானும் வாசித்தேன். மூன்றாம் நாள் குரலே போய்விட்டது.

அதனால் இப்போது நான் செய்வது. பேக்கப் ஸ்கிரிப்ட் வெற்றி பெற்றாலும் தோற்றாலும் செய்தி வரும். செய்தி வராவிட்டால் அதுவே கோளாறு என்று எடுத்துக்கொள்கிறேன். அத்தோடு நாஸிலேயே தனியாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட், புதிய கோப்பின் வயது 26 மணி நேரத்தைத் தாண்டினால் என் போனுக்குச் சொல்லும். இது ஹோஸ்டை நம்பியிருக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஹோஸ்ட் திடீரென அணைந்தால், அன்றே பழைய செக்பாயின்ட்டையும் கெட்ட பிட்மேப்பையும் நீக்கிவிட்டு புதிய ஃபோல்டரில் ஃபுல் எடுத்துவிடுவேன், மறுநாள் வரை காத்திருப்பதில்லை. ஹோஸ்டின் யூபிஎஸ்-ஐ யூஎஸ்பியில் இணைத்து, பேட்டரி குறைந்தால் விஎம்களைத் தானாக, ஒழுங்காக நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். பேட்டரியும் மாற்றியாயிற்று.

சங்கிலி பற்றி மாடிவீடு சொன்னதற்கு: ரீஸ்டோர் நிரலில் வெரிஃபை என்று ஒரு வேலை உண்டு, எடுக்கும்போது எழுதிவைத்த செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை ஒவ்வொரு கோப்போடும் ஒப்பிடும். வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு விஎம்மை உண்மையாகவே வேறு இயந்திரத்தில் ரீஸ்டோர் செய்து, கிளப்பி, உள்ளே போய் நேற்றைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்பேன். கிளப்பும் முன் அதன் நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிடுங்கள். ஒரே ஐபியில் இரண்டு ஃபைல் சர்வர் எழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. நாஸ் உங்கள் ஹோஸ்டில் எழுதக்கூடிய இடமாக இணைந்திருக்கிறது. ஹோஸ்டுக்குள் ரான்சம்வேர் புகுந்தால் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை அப்படியே பிடித்துவைப்பது) வசதி இருந்தால் தினமும் ஒன்று எடுக்கும்படி வையுங்கள், அதை ஹோஸ்டிலிருந்து அழிக்க முடியாதபடி. வெளியூரிலோ வீட்டிலோ ஒரு நகல் வைக்க நினைத்தால், ஃபுல்லை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துப்போய், இன்க்ரிமென்டலை மட்டும் இணையத்தில் அனுப்புங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 900 ஜிபி போக 20 மணி நேரம், 12 ஜிபி போக 16 நிமிடம்.

மாடிவீடு எழுதியது:

அக்கா சொன்ன நாஸ் பக்க ஸ்கிரிப்ட்டை நானும் இன்று போட்டுவிட்டேன், என்னிடம் அது இல்லை.

நொய்யல்கரை, டிசைன் கோப்புகளுக்கு மட்டும் விஎம்முக்கு உள்ளேயிருந்து ரெஸ்டிக் மாதிரி ஒரு பேக்கப் நிரலால் கோப்பு அளவிலும் தனியாக எடுத்துவைக்கலாம். முழு டிஸ்க் பேக்கப் என்பது சர்வர் எரிந்துபோகும் நாளுக்கு. ஒரு ஃபோல்டர் காணாமல் போகும் நாளுக்கு இது கைக்கு எட்டும். இரண்டும் வேறு வேறு முறையில் எடுப்பதால் ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றது நிற்கும்.

நொய்யல்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கருங்குருவி ஊகித்தது அப்படியே சரி. கணக்கு மென்பொருள் இரவு 9 மணிக்கு டேட்டாபேஸை இறக்கி, முந்தைய இறக்கத்தை வேறு பெயரில் இன்னொரு நகலாகவும் எழுதிவந்திருக்கிறது. இரண்டாவது டிஸ்குக்கு மாற்றியபின் விண்டோஸின் இன்க்ரிமென்டல் 38 ஜிபியிலிருந்து 3 ஜிபிக்கு வந்துவிட்டது.

எஃப்எஸ்டிரிம் போட்டதும் ஃபைல் சர்வரின் 900 ஜிபி 610 ஆனது, நான்கு விஎம்மும் சேர்த்து 950. ஃபைல் சர்வர் ஃபுல்லுக்கு இரண்டு மணி 25 நிமிடம் ஆனது, யாரையும் எழுந்துபோகச் சொல்லவில்லை, இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்கு நடந்ததே தெரியாது. இப்போது தினமும் நான்கும் சேர்த்து 15 ஜிபிக்குள், நான்கு நிமிடத்தில் முடிகிறது. கணக்குப் போட்டால் ஒரு மாதத்துக்கு 1.4 டிபி, ஆக ஐந்து நாள் வைத்திருந்த அதே நாஸில் ஐந்து மாதம் நிற்கும்.

போன ஞாயிறு பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபைல் சர்வரை, பதினோரு நாளுக்கு முந்தைய நிலைக்கு ரீஸ்டோர் செய்தேன். தென்னந்தோப்பு அக்கா சொன்னபடி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுக் கிளப்பினேன். எழுந்தது, ஃபைல் சிஸ்டம் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. டிசைன் ஃபோல்டரைத் திறந்து, அந்தப் பெண் அதுவரை திரும்ப வரைந்திருந்த கோப்புகள் அந்தத் தேதிப்படி சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருந்தன, 41 கோப்பு. திங்கள்கிழமை அவரிடம் போய், இனி இவற்றை ஐந்து மாதம் வரை திரும்ப எடுக்க முடியும் என்று சொன்னேன். ரெஸ்டிக்கும் அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஓடுகிறது.

யூபிஎஸ் பேட்டரிக்கு அனுமதி கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை வருகிறது. நாஸ் ஸ்னாப்ஷாட் இன்னும் போடவில்லை, என் மாடலில் அதற்கு சேமிப்பிடத்தையே வேறு ஃபைல் சிஸ்டத்தில் திரும்ப உருவாக்க வேண்டும் என்கிறது. இந்த மாத ஃபுல்லை வெளி டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு, சனிக்கிழமை இரவு அதைச் செய்யப்போகிறேன்.

தென்னந்தோப்பு எழுதியது:

வெளி டிஸ்கில் எடுத்ததும் அங்கேயும் ஒருமுறை வெரிஃபை ஓடவிட்டு, அப்புறம் நாஸைத் தொடுங்கள் தம்பி. அந்த இரவு உங்களிடம் இருக்கிற ஒரே நகல் அதுதான்.